குறை எண் பதினேழு

அல் வக்ராவில் இன்னும் யாரும் குடிவராத வில்லாக்களில்
குறை கண்டுபிடிப்பது என் உத்தியோகம்.
டைல்ஸைக் குச்சியால் தட்டுவேன். அடியில் சிமென்ட் இல்லையென்றால்
குரல் மாறும். படமெடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, அடுத்த அறை.
ஏழு வருடத்தில் என் கை கற்ற ஒரே வடிவம் அந்த வட்டம்தான்.

ஜூலை பிறந்த அன்று
அலுவலகத்தில் கோப்புகள் பார்க்கும் பிரதாயினி
முப்பத்தொரு சொற்கள் அனுப்பினாள்.
நாளுக்கு ஒரு சொல், சொல்லுக்கு ஒரு படம்.
"வடிவா வரவேணுமெண்டு இல்லை, அழிச்சு அழிச்சு மட்டும் கீறாதேங்கோ."

கம்பெனி டேப்லெட், கம்பெனி பேனா, சொந்தத் தூக்கம்.
முதல் நாள் குடை. காளானாக வந்தது.
மறுநாள் சாவி. மேல்கட்டில் ஷிபு எட்டிப் பார்த்து
"சுறாவா?" என்றான், மரியாதையாகத்தான்.
மூன்றாம் நாள் விட்டுப்போயிற்று.
நான்காம் நாள் இரண்டாக வரைந்து தேதியைத் திருத்தினேன்.
கட்டடத் தொழிலில் இதெல்லாம் பாவக் கணக்கில் வராது.

ஒன்பதாம் நாளின் சொல் குளிர்ச்சி.
நாற்பத்திரண்டாம் எண் வில்லா, மாடிக் குளியலறை.
ஏசிக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை.
பிளாஸ்டிக் உறை கிழியாத தொட்டிக்குள்
ஊற்றிவைத்த மாவுபோல் பரவிக் கிடந்தது
மணல் நிறப் பூனை ஒன்று.
ஒரு காதில் சிறு வெட்டு.
என்னைப் பார்த்தது, எழுந்திருக்கத் தேவையில்லை
என்று முடிவு செய்தது.
நின்றபடியே வரைந்தேன்.
கழுத்திலிருந்து வால் நுனி வரை
பேனாவை எடுக்காமல் ஒரே கோடு.
முதல்முறையாகக் கோடு
நான் நினைத்த இடத்தில் போய் நின்றது.

மாலை அறிக்கை போயிற்று, நாற்பத்தோரு பக்கம்.
வெற்றொலி டைலுக்கும் பெயின்ட் வழிசலுக்கும் நடுவே
பதினேழாம் குறையாகப் பூனையும் போயிற்று.
பழக்க தோஷம்,
அதைச் சுற்றிச் சிவப்பு வட்டமும் போட்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து
ஒப்பந்தக்காரர் தரப்பில் எஞ்சினியர் வாயில் எழுதினார்:
'குறை எண் 17, சரிசெய்யப்பட்டது. முடித்துக்கொள்ளவும்.'
இணைப்பில் வெறும் தொட்டி. ஒரு முடிகூட இல்லை.
அலுவலகமே சிரித்தது, நானும் சிரித்தேன்.
சிரித்து முடித்தபோது வெளியே நாற்பத்தேழு டிகிரி.

எங்கே விட்டீர்கள் என்று
தில் பகதூரைக் கேட்டேன்.
அவன் கை காட்டிய திசையில் பாதிக் கத்தார் இருந்தது.

அப்புறம் வந்த சொற்கள் எனக்குச் சொற்களாகவே இல்லை.
படகு என்றால் படகில் பூனை.
மழை என்றால் மழைக்கு ஒதுங்கிய பூனை.
கடன் என்று ஒரு நாள் வந்தது, அன்றைக்கும் அதுதான்.
"உதே பூனையோ?" என்று கேட்டாள்.
அதேதான் என்றேன். பொய்.
வெட்டு ஒரு படத்தில் இடக்காதில், ஒரு படத்தில் வலக்காதில்.
எந்தக் காது என்று எனக்கு நினைவில்லை.
மில்லிமீட்டர் விரிசலுக்குத் திசை எழுதுகிறவன் நான்.
ஒன்பதாம் நாள் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன்.
சரியாகக் காதுகளின் மேல் ஓடுகிறது சிவப்பு வட்டம்.
அடுக்குகளை ஒன்றாக்கிச் சேமித்துவிட்டேன்,
இனி அதை மட்டும் உரித்தெடுக்க முடியாது.

முப்பத்தொன்று. சாவி ஒப்படைக்கும் முன்
நாற்பத்திரண்டில் கடைசிச் சுற்று.
உறையை உரித்துவிட்டிருந்தார்கள்.
தொட்டி விளிம்பில், குழாய்க்குக் கீழே,
வெளிச்சத்தைச் சாய்த்தால் மட்டும் தெரிகிற
மூன்று நகக்கீறல்கள்.
படமெடுத்தேன். வட்டம் போடவில்லை.
அறிக்கையில் சேர்க்காமல்
பிரதாயினிக்கு அனுப்பினேன்.

"இது போட்டோ. நீங்கள் கீறினது எங்கே?"

கீறியது நானில்லை என்று பதில் போட்டேன்.
அவள் கணக்கில் முப்பதுதான் என்றாள்.
சரி என்றேன்.